உள்ளூர்க் கூட்டா, கடல் கடந்த கூட்டா? யாழ்ப்பாணத்தில் தொழில் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மிளகாய்த்தூள் அரைப்பவர், பனம் பண்டம் செய்பவர், நண்டு பதப்படுத்துபவர், மென்பொருள் எழுதிக் கொடுக்கும் இளைஞர், விருந்தினர் விடுதி நடத்துபவர் எனப் பலரும் “இனி ஒருவரோடு சேர்ந்தால்தான் முன்னேறலாம்” என்ற கட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். சேரப் போகும் ஆள் கொழும்பிலோ சென்னையிலோ கனடாவின் ஸ்காபுரோவிலோ இருக்கலாம். அந்தத் தெரிவைப் பற்றி எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சட்டம் சம்பந்தப்பட்ட இடங்களில் இவற்றை வழிகாட்டலாக மட்டும் எடுத்துக்கொண்டு, கையொப்பமிடும் முன் சட்டத்தரணியையும் கணக்காளரையும் பாருங்கள்.

மூலோபாயக் கூட்டு என்று எதைச் சொல்கிறார்கள்? நாங்கள் ஏற்கெனவே பல கடைகளுக்குச் சரக்குப் போடுகிறோமே, அது கூட்டு இல்லையா?

இல்லை, அது விற்பனை. கடைக்காரர் நாளைக்கு வேறொருவரிடம் வாங்கினால் உங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் குறைவார், அவ்வளவுதான். இரண்டு நிறுவனங்கள் தனித்தனியாக இருந்தபடியே, ஒன்றிடம் இல்லாததை மற்றது கொண்டுவந்து, பணத்தையோ ஆட்களையோ தொழில்நுட்பத்தையோ பெயரையோ நீண்ட காலத்துக்குப் பகிர்ந்துகொண்டால் அது மூலோபாயக் கூட்டு. ஒன்று மற்றதை விழுங்கிவிட்டால் அதற்குப் பெயர் கையகப்படுத்தல்.

ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வங்கியின் அட்டையை இன்னொரு வங்கியின் பணப்பொறியில் போட்டுப் பணம் எடுக்கிறீர்கள் அல்லவா? வாடிக்கையாளருக்காக ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் வங்கிகளே மத்திய வங்கியோடு சேர்ந்து பங்கு வைத்திருக்கும் லங்காபே நிறுவனம் 2013 இல் தொடங்கிய பொது இணைப்பு அது. உள்நாட்டுக் கூட்டுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை. அதே லங்காபே இந்தியாவின் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தோடு கைகோத்தது. அதனால் 2024 பெப்ரவரி முதல், பலாலியில் வந்திறங்கும் சென்னைக்காரர் தன் யுபிஐ (இந்தியாவின் கைபேசிக் கொடுப்பனவு முறை) செயலியாலேயே இங்குள்ள கடையின் கியூஆர் குறியை வருடிப் பணம் செலுத்த முடிகிறது. இது வெளிநாட்டுக் கூட்டு. இரண்டிலும் யாரும் யாரையும் வாங்கவில்லை.

என்னென்ன வடிவங்கள் இருக்கின்றன?

ஒப்பந்தத்தோடு நிற்பவை: விநியோகம், கூட்டு விளம்பரம், செய்முறை உரிமம், பெயர் உரிமம். பங்கோடு வருபவை: ஒருவர் மற்றவரின் கம்பனியில் சிறு பங்கு வாங்குவது, அல்லது இருவரும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு கம்பனியைப் பதிவுசெய்வது. முதல் வகையில் உள்ளே போவதும் வெளியே வருவதும் எளிது. இரண்டாவது வகையில் கட்டுப்பாடும் கூடும், தலைவலியும் கூடும். உள்நாடு, வெளிநாடு இரண்டும் ஒரே கூட்டில் வருவதும் உண்டு. கொழும்புத் துறைமுகத்தின் மேற்குக் கொள்கலன் முனையத்தில் இந்தியாவின் அதானி குழுமத்துக்கு 51 வீதம், இலங்கையின் ஜோன் கீல்ஸுக்கு 34 வீதம், துறைமுக அதிகார சபைக்கு 15 வீதம்.

ரொறொன்ரோவில் இருப்பவர் என் சொந்த மச்சான். அவரோடு சேர்வதும் வெளிநாட்டுக் கூட்டுத்தானா?

ஆம். கேட்பவர்களில் பாதிப்பேருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை.

மச்சானோடு ஒரே வீட்டில் வளர்ந்திருப்பீர்கள். அவர் ஒவ்வொரு ஆவணியிலும் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போவார். கொழும்பிலுள்ள விநியோகக் கம்பனி முகாமையாளரோடு உங்களுக்கு ஒரு மொழியில் சரளமாகப் பேசவும் வராது. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அந்த முகாமையாளர்தான் உள்ளூர் ஆள், மச்சான் வெளியார். பணம் எந்த நாணயத்தில் வருகிறது, சரக்கு எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்படுகிறது, பிணக்கு வந்தால் எந்த நீதிமன்றம் என்ற மூன்றுமே ஒரு கூட்டை உள்ளூர் என்றும் வெளிநாடு என்றும் பிரிக்கின்றன. உறவு இந்தக் கணக்கில் சேராது.

நடைமுறையில் இது எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். “சரக்கை அனுப்பு, விற்க விற்கப் பணம் போடுகிறேன்” என்பார் மச்சான். உள்ளூரில் அப்படிக் கடன் கொடுப்பது வழக்கம். ஏற்றுமதியிலோ, சரக்கு அனுப்பிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் அதன் வருமானம் இலங்கைக்குள் வர வேண்டும் என்பது மத்திய வங்கியின் விதி. அவர் கடையில் ஒடியல் மா ஓர் ஆண்டு தூங்கினால் அவருக்குக் குடிமுழுகிப் போகாது. வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அடுத்தது முதலீடு. மச்சான் உங்கள் கம்பனியில் பங்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பணத்தை உண்டியலில் (வங்கிக்கு வெளியே கைமாற்றும் வழியில்) அனுப்பிவிட்டால், அது வெளிநாட்டு முதலீடாக எந்தப் பதிவிலும் இருக்காது. 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அந்தப் பணம் உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டு முதலீட்டுக்கென வங்கியில் திறக்கும் கணக்கு) வழியாக வந்திருந்தால்தான், இலாபப் பங்கையோ பங்கு விற்ற பணத்தையோ அவர் முறையாகத் திருப்பி எடுத்துச்செல்ல முடியும். தொடக்கத்தில் மிச்சப்படுத்திய வங்கிக் கட்டணம் பின்னாளில் குடும்பச் சண்டையாக வட்டியோடு திரும்பி வரும்.

அவர் பக்கமும் கடமைகள் உண்டு. கனடாவுக்குள் உணவுப்பொருள் இறக்குமதி செய்பவர் அந்நாட்டு உணவுப் பரிசோதனை முகவரகத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும். 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகள் அப்படிச் சொல்கின்றன. கடையில் விற்கும் பொதியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்க வேண்டும். சுன்னாகத்தில் அச்சடித்த அழகான தமிழ் உறையை மட்டும் நம்பிக் கப்பலேற்ற முடியாது. உரிமம் யார் பெயரில், உறைச் செலவு யாருடையது, சரக்கைத் திரும்பப் பெற நேர்ந்தால் நட்டம் யாருக்கு என்பவற்றை எழுதாமல் தொடங்கும் கூட்டுக்கு உறவு ஒரு நாளும் காப்புறுதி ஆகாது.

கொழும்புக் கம்பனியோடு சேர்வது அதைவிடப் பாதுகாப்பானதா?

சில வழிகளில் ஆம். ஒரே சட்டம், ஒரே நாணயம், ஒரே வரித் திணைக்களம். பிரச்சினை என்றால் இரவுப் பஸ் ஏறி விடியப் போய் நேரே பேசலாம். ஆறு மாதம் சோதித்துப் பார்த்துச் சரிவராவிட்டால் விலகலாம்.

ஆபத்து வேறு பக்கத்தில் இருக்கிறது. கொழும்புப் பங்காளிக்கும் உங்களுக்கும் வாடிக்கையாளர் ஒருவரே. உங்கள் தூள் அவருடைய பெயர் போட்ட பொதியில் அலுமாரிக்குப் போகிறது. வாங்குபவருக்குப் பொதியில் உள்ள பெயர்தான் தெரியும். உங்கள் வறுப்புப் பதமும் கலவை அளவும் தரக் கட்டுப்பாடு என்ற பெயரில் அவர்களுடைய கோப்புக்குள் போய்விடும். பிறகு ஒரு நாள் அவர்களே ஆலை வைப்பார்கள், அல்லது உங்களைவிட இரண்டு ரூபாய் குறைத்துத் தருபவரைப் பிடிப்பார்கள். இதைச் சதி என்று சொல்ல முடியாது, வணிகம் அப்படித்தான். ஆகவே பொதியில் உங்கள் பெயரும் வர வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது இவ்வளவு வாங்க வேண்டும், ஒப்பந்தம் முடிந்த பின்னும் குறிப்பிட்ட காலத்துக்கு அந்தச் செய்முறையைப் பயன்படுத்தக் கூடாது என்ற மூன்றையும் முதல் நாளே கேளுங்கள். மூன்றாவதை மறுப்பவரிடம் செய்முறையைக் காட்ட வேண்டாம்.

இன்னொன்று, ஒரே நாட்டில் இருப்பவர்களை ஒரே இடி தாக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. எரிபொருள் இல்லை, மின்வெட்டு, இறக்குமதிக்கு டொலர் இல்லை. உள்ளூர்க் கூட்டில் இருந்த இரு தரப்புக்கும் ஒரே நாளில் மூச்சுமுட்டியது. யாரும் யாரையும் தூக்கிவிட முடியவில்லை. டொலரிலோ பவுணிலோ வருமானம் வரும் கூட்டு வைத்திருந்தவர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். இடர் பரவலாக வேண்டும் என்பது நோக்கமானால் உள்ளூர்க் கூட்டு அதைத் தராது.

பெரிய கம்பனி வேண்டாம். இங்குள்ள சிறியவர்களே நாலுபேர் சேர்ந்தால்?

என் விருப்பம் இதுதான். மிகக் குறைவாக நடப்பதும் இதுதான். பனை, தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்களையும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களையும் நடத்திப் பழகிய மண்ணில், தனியார் தொழில் என்றதும் பக்கத்து ஆலைக்காரருடன் பேசவே தயங்குகிறோம்.

மூன்று தூள் ஆலைகள் சேர்ந்து ஒரு 20 அடிக் கொள்கலனை நிரப்பி ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகக் கொள்ளுங்கள். தனியாக அனுப்பினால் ஒவ்வொருவரின் சில தட்டுச் சரக்கும் வேறு யாருடைய பெட்டிகளோடோ கலந்து போகும், கிலோவுக்கான கட்டணமும் ஏறும். சேர்ந்தால் கட்டணம் குறைகிறது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் மிளகாய்த்தூளுக்கு, பூஞ்சணத்தால் உண்டாகும் நஞ்சான அப்லரொக்சின் பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்த அப்லரொக்சின் 10 மைக்ரோகிராம் என்பது எல்லை. மழைக்காலத்தில் சரியாகக் காயாத செத்தல் மிளகாயை ஒருவர் அரைத்திருந்தால், அவருடைய சாக்கால் மூவரின் சரக்கும் துறைமுகத்தில் நிற்கும். ஏற்றும் முன் ஒவ்வொருவரின் தொகுதியும் தனித்தனியே ஆய்வுகூடம் போக வேண்டும், சான்றிதழ் இல்லாத சாக்கு கொள்கலனுக்குள் ஏறாது, தாமதச் செலவு தவறு செய்தவரைச் சேரும் என்று எழுதிக்கொண்டால் கூட்டு நிலைக்கும். “எல்லாரும் எங்கட ஆக்கள்தானே” என்று தொடங்கினால் முதல் கொள்கலனோடு முறியும்.

ஒரு எச்சரிக்கை: கொள்கலனைப் பகிரலாம், ஆய்வுச் செலவைப் பகிரலாம். உள்ளூர்ச் சந்தையில் “இந்த விலைக்குக் குறைய யாரும் விற்பதில்லை” என்று போட்டியாளர்கள் கூடிப் பேசிக்கொள்வது வேறு விவகாரம். போட்டியைக் குலைக்கும் நடைமுறைகளை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் விசாரிக்க இடமளிக்கிறது.

எழுத்தில் இல்லாத கூட்டு செல்லாதா?

1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, போட்ட முதலீடு 1,000 ரூபாயைத் தாண்டும் பங்குடைமை (கம்பனியாகப் பதியாமல் சேர்ந்து நடத்தும் தொழில்) எழுத்தில் இருக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் அன்று பெரும் பணம். இன்று ஒரு குடும்பத்தின் மதியச் சாப்பாட்டுக்கும் காணாது. ஆகவே உங்கள் கூட்டு எவ்வளவு சிறியதானாலும் எழுத்தில் இருக்க வேண்டிய கூட்டுத்தான். மறுபுறம், பங்குடைமையாகக் கருதப்பட விருப்பமில்லையென்றால் அதையும் எழுத வேண்டும். பங்குடைமையில் ஒருவர் பட்ட கடன் மற்றவர் கழுத்துக்கும் வரும்.

குடும்பக் காணியை என் பங்காகப் போட்டு வெளிநாட்டுப் பங்காளியோடு கம்பனி தொடங்கலாமா?

2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டவர் 50 வீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனிக்குக் காணியை உறுதி எழுத முடியாது. விதிவிலக்குகள் சில உண்டு, குத்தகைக்கும் வழி உண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஏற்ற வழி குத்தகைதான். காணி உங்களிடமே நிற்கும், கூட்டு முறிந்தாலும் பூர்வீகம் போகாது.

உள்ளூர்ப் பங்காளியானால் இந்தத் தடை இல்லை. ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை இருக்கிறது. அதற்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பங்குக் காணியில் உங்கள் பங்கை வெளியாருக்கு விற்கப் போனால், கூட்டுரிமையாளருக்கு அதை முதலில் வாங்கும் உரிமை உண்டு. கொழும்புச் சட்டத்தரணி எழுதிய ஒப்பந்தத்தில் இது தவறிப்போக இடமுண்டு, யாழ்ப்பாணத்து நொத்தாரிசு ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

எந்தத் தொழிலிலும் வெளிநாட்டவரைப் பங்காளியாகச் சேர்க்கலாமா?

பெரும்பாலான துறைகளில் நூறு வீதமும் சேர்க்கலாம். கரையோர மீன்பிடியும் அடகு பிடித்தலும் மூடப்பட்டவை. 50 இலட்சம் அமெரிக்க டொலருக்குக் குறைந்த முதலுடன் சில்லறை வணிகத்துக்குள் வரவும் இடமில்லை. ஆழ்கடல் மீன்பிடி, பயண முகவர் தொழில், கப்பல் முகவர் தொழில் போன்றவற்றில் 40 வீதம் வரை தடையில்லை, அதற்கு மேல் முதலீட்டுச் சபையின் ஒப்புதல் வேண்டும். இலண்டன் நண்பரோடு சேர்ந்து கஸ்தூரியார் வீதியில் கடை போடும் திட்டம் வைத்திருப்பவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசிக்கவும்.

நாங்கள் சின்ன ஆட்கள். அரசியல் எங்களை என்ன செய்யும்?

தீவுப்பகுதிக்குப் போய்க் கேளுங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் தரும் திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ‘மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனை’ என்று காரணம் சொல்லித் திட்டம் நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்படிக்கை, 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம். விளக்கேற்றக் காத்திருந்த தீவு மக்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்னொன்றும் எல்லாருக்கும் தெரிந்ததே. 1998 இல் எமிரேட்ஸ் அப்போதைய எயார் லங்காவில் 40 வீதப் பங்கையும் பத்து ஆண்டு முகாமைத்துவத்தையும் எடுத்தது. 2007 டிசம்பரில் இலண்டன் விமானமொன்றில் அரச தலைவரின் குழுவினருக்கு ஆசனம் ஒதுக்கும் விவகாரம் முற்றி, எமிரேட்ஸ் தரப்புத் தலைமை அதிகாரியின் வேலை வீசா இரத்தானது. அடுத்த ஆண்டு முகாமைத்துவ ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 2010 இல் அரசு பங்குகளைத் திருப்பி வாங்கியது. பத்தாண்டு உறவு ஆசனத் தகராறில் முடிந்தது.

உங்கள் அளவில் இது தீர்வை மாற்றமாகவும் திடீர் இறக்குமதித் தடையாகவும் வரும். ‘அரச நடவடிக்கையால் வழங்க முடியாமற்போனால்’ என்ற பிரிவை எழுதுங்கள். எத்தனை மாதம் பொறுப்பது, பிறகு யார் விலகலாம் என்பதும் அதில் இருக்கட்டும்.

பெயரைப் பதிவுசெய்துவிட்டேன். வெளிநாட்டிலும் அது எனக்குத்தானே?

இல்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழான பதிவு இலங்கைக்குள் மட்டும் காக்கும். கனடாவில் பங்காளி தன் பெயரில் பதிந்துகொண்டால், உங்கள் பெயர் போட்ட பொதியை அங்கே விற்க அவரிடமே அனுமதி கேட்க நேரும். சீனாவில் பிரான்சின் உணவுக் கம்பனி டனோனும் அந்நாட்டுப் பானக் கம்பனி வஹாஹாவும் 1996 இல் கூட்டுக் கம்பனிகள் தொடங்கின. டனோன் கையில் 51 வீதம் இருந்தும், வஹாஹா என்ற பெயர் யாருடையது, அதே பெயரில் வெளியே சரக்கு விற்கலாமா என்பதில் 2007 இல் சண்டை வெடித்து, 2009 இல் டனோன் பங்கை விற்று வெளியேறியது. பெயரை உங்கள் பெயரிலேயே அந்த நாட்டில் பதியுங்கள். பங்காளிக்கு உரிமம் மட்டும் கொடுங்கள்.

பிணக்கு வந்தால் எங்கே போவது?

உள்ளூரென்றால் முதலில் பேச்சு, பிறகு நடுத்தீர்ப்பு (இரு தரப்பும் ஏற்கும் நடுவர் தரும் தீர்ப்பு) அல்லது நீதிமன்றம். எந்த ஊர் நீதிமன்றம் என்று ஒப்பந்தம் சொல்கிறதா என்று பாருங்கள். கொழும்பு என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு தவணைக்கும் நீங்கள்தான் அலைவீர்கள்.

வெளிநாடென்றால் நடுத்தீர்ப்பையே எழுதுங்கள். இலங்கையில் வென்ற நீதிமன்றத் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்றுவது நீண்ட பாதை. நடுத்தீர்ப்புக்கோ 1958 ஆம் ஆண்டின் நியூயோர்க் உடன்படிக்கை இருக்கிறது. இலங்கை, இந்தியா, பிரித்தானியா, கனடா நான்கும் அதில் உள்ளன. இங்கே 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. சிறு தொகைக்குச் சிங்கப்பூரில் மூன்று நடுத்தீர்ப்பாளர் என்று எழுத வேண்டாம், கட்டணத்திலேயே தொகை கரையும். ஒருவர் போதும், இடம் கொழும்பாகவும் இருக்கலாம்.

ஐம்பதுக்கு ஐம்பது நல்லதா?

கேட்க நியாயமாக இருக்கும். முடிவெடுக்க முடியாமல் நின்றால் யார் சொல் செல்லும் என்று எழுதியிருந்தால் மட்டும் நல்லது.

எதை முதலில் செய்வது?

பொருள் செய்பவரானால் உள்ளூர்க் கூட்டு முதலில். ஒரே தரத்தில் மாதாமாதம் கொடுக்க முடியாதவர் கடல் கடந்து கையொப்பமிட்டால் முதல் தாமதத்திலேயே பெயர் கெடும். மென்பொருள், கணக்கெழுதுதல், வடிவமைப்பு போன்ற சேவை செய்பவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர்களுக்குச் சந்தை வெளியே இருக்கிறது, கொள்கலனும் துறைமுகமும் தேவையில்லை, நேரே வெளிநாட்டுப் பங்காளியைத் தேடலாம். அவர்கள் கவனிக்க வேண்டியது வரி. கொடுப்பனவில் அங்கே பிடித்துவைக்கும் வரிக்கு இங்கே கழிவு கிடைக்குமா என்று கணக்காளரிடம் கேளுங்கள். இந்தியா, பிரித்தானியா, கனடா மூன்றோடும் இலங்கைக்கு இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை உண்டு.

தொடங்கும்போதே பிரிவதைப் பேசுவது அபசகுனம் இல்லையா?

இந்தியாவின் ஹீரோவும் ஜப்பானின் ஹொண்டாவும் 1984 இல் சேர்ந்து, உலகில் அதிகம் மோட்டார் சைக்கிள் செய்யும் கம்பனிகளுள் ஒன்றை வளர்த்தன. 2010 டிசம்பரில் ஹொண்டா தன் 26 வீதப் பங்கை விற்று விலகச் சம்மதித்தபோது, பழைய பெயரை எவ்வளவு காலம் பயன்படுத்தலாம், தொழில்நுட்ப உரிமம் எப்படித் தொடரும் என்பவற்றையும் பேசி முடித்தார்கள். கைகலப்பில்லாமல் பிரிந்தார்கள், இரண்டும் இன்றைக்கும் ஓடுகின்றன. சரக்கிருப்பு யாருக்கு, வாடிக்கையாளர் பட்டியல் யாருக்கு, பங்குக்கு விலை யார் குறிப்பது என்று முதல் நாளே எழுதிவையுங்கள். உறவினரோடு சேர்பவர்களுக்கு இது இரட்டிப்பாகத் தேவை.

வர்த்தகச் சந்தையில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்திட்டோம், பத்திரிகையில் படமும் வந்தது. இனி என்ன?

படத்தைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டுங்கள். புரிந்துணர்வு உடன்படிக்கை பொதுவாக யாரையும் எதற்கும் கட்டாது, இரகசியம் காப்பது போன்ற ஒன்றிரண்டு பிரிவுகள் கட்டும் என்று அதிலேயே எழுதியிருந்தாலன்றி. அந்தப் பிரிவு இல்லையென்றால் செய்முறையையோ வாடிக்கையாளர் விவரத்தையோ இன்னும் அனுப்ப வேண்டாம். முழு ஒப்பந்தத்துக்கு ஒரு திகதி குறியுங்கள், மூன்று மாதம் போதும். அதற்குள் அவர்கள் மாதிரிச் சரக்குக்குக் காசு கொடுத்து வாங்குகிறார்களா, இலவசமாகக் கேட்கிறார்களா என்று பாருங்கள்.